சமதர்மம் என்ற சொல்லின் சங்கடம்

நம் வாசக அன்பர் ஒருவரின் கடிதம் இரு வாரங்களாக நம் மேசைமீது கிடக்கிறது. அன்பர் முப்பத்தோராண்டு பஞ்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவர். தம் பங்கில் வின்சென்ட் தே பவுல் சபையின் பழைய உறுப்பினர். கை நடுங்கினாலும் கருத்து நடுங்காதவர். அவர் வீட்டில் நிகழ்ந்ததைச் சுருக்கிச் சொல்வோம்.

நவம்பர் 26, அரசியலமைப்பு நாள். பேத்தி தன் பள்ளியில் அரசியலமைப்பின் முகவுரையை ஆங்கிலத்தில் ஒப்புவித்துப் பாராட்டுப் பெற்று வந்தாள். இரவு உணவின்போது வீட்டாருக்கும் ஒருமுறை ஒப்புவிக்கத் தொடங்கினாள். 'சோஷலிஸ்ட்' என்ற சொல் வந்ததும் தாத்தா கையமர்த்தினார். நல்ல கத்தோலிக்கன் சோஷலிஸ்டாக இருக்க முடியாதென்று பாப்பரசரே எழுதியிருக்கிறார், ஆகவே அந்தச் சொல்லை விட்டுவிட்டு மற்றதைச் சொல் என்றார். சிறுமியின் தந்தை மோட்டார் உறுப்புகள் செய்யும் ஆலையில் பணியாற்றுபவர். அண்மையில் தொழிற்சங்கத்தில் சேர்ந்தவர். ஆதித் திருச்சபையார் தங்கள் உடைமைகளைப் பொதுவில் வைத்து வாழ்ந்தார்களே, அதற்கு என்ன பெயர் என்று அவர் கேட்டார். சொல்லுக்குச் சொல் வளர்ந்தது. சிறுமி சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். அன்று தொட்டுத் தந்தையும் மகனும் ஒரே மேசையில் உண்கிறார்கள். பேச்சு மட்டும் இல்லை. "நாங்கள் பரம்பரையாகப் பழைமையைப் போற்றுகிறவர்கள். பழைமையைப் போற்றுகிறவன் சமதர்மக்காரனுக்குத் தலையசைக்கலாமா? எங்களில் யார் சரி?" என்று கடிதம் முடிகிறது.

தீர்ப்புக் கூறுவது எளிதன்று. தந்தையும் மகனும் ஒரே சொல்லைப் பிடித்து இழுக்கிறார்களேயன்றி, ஒரே பொருளைப் பற்றிப் பேசவில்லை. இது அவர்கள் குற்றமுமன்று. அச்சொல் பிறந்த நாள்முதலே அப்படித்தான் இருந்துவந்திருக்கிறது.

ஆங்கிலத்தில் அச்சொல் 1827-ல் இராபர்ட் ஓவனைப் பின்பற்றியோரின் கூட்டுறவு இதழொன்றில் காணப்படுகிறது. ஓவன் புரட்சிக்காரரல்லர், நூற்பாலை முதலாளி. கூட்டுறவாய்த் தொழில் செய்து கூடிவாழும் குடியிருப்புகளை அமைக்க விழைந்தவர். இருபதாண்டுகள் சென்றபின், மார்க்ஸும் எங்கெல்சும் தங்கள் புகழ்பெற்ற அறிக்கையை 1848-ல் வெளியிட்டபோது, 'சோஷலிஸ' அறிக்கை என்று அதற்குப் பெயரிடவில்லை. அந்நாளில் சோஷலிஸம் என்பது மரியாதைப்பட்ட நடுத்தர வகுப்பாரின் இயக்கமாயிருந்தது, அதனாலேயே அப்பெயரைத் தவிர்த்தோம் என்று எங்கெல்சே 1888-ஆம் ஆண்டு முன்னுரையில் விளக்கினார். அவ்வறிக்கையின் ஒரு பகுதி முழுவதும் பலவகைச் சோஷலிஸங்களைச் சாடுவதற்கே செலவாகிறது. நிலப்பிரபுக்களின் சோஷலிஸம் ஒன்று, குருக்களின் சோஷலிஸம் ஒன்று, பழைமைவாதச் சோஷலிஸம் என்று தலைப்பிட்டே மற்றொன்று! அன்பர் ஒன்றையொன்று தொடக்கூடாதென எண்ணும் இரு சொற்களும் அச்சொல் பிறந்த தலைமுறையிலேயே சேர்த்து எழுதப்பட்டன.

நம் தமிழில் குழப்பம் இன்னும் ஒருபடி மேல். அதே அறிக்கையின் பகுதிகள் 1931-ல் ஈரோட்டிலிருந்து வெளிவந்த 'குடி அரசு' ஏட்டில் தமிழாக்கப்பட்டபோது, அதற்குச் 'சமதர்ம அறிக்கை' என்றே பெயர் வைத்தனர். இன்று கம்யூனிஸம் என்பதைப் பொதுவுடைமை என்கிறோம். சோஷலிஸம் என்பதைச் சமதர்மம் என்கிறோம். அன்று அந்த வேலி இல்லை. அன்பர் குறிப்பிடும் பாப்பரசர் பதினோராம் பத்திநாதரின் சுற்றுமடல் வெளிவந்ததும் அதே 1931-ல்தான், மே மாதம் 15-ஆம் நாள். ஈரோட்டில் ஒரு சமதர்மம், உரோமையில் ஒரு சோஷலிஸம்!

நிற்க. பழைமை போற்றுவோருக்கும் சமதர்மத்துக்கும் என்ன உறவு என்ற கேள்விக்கு, நாம் அறிந்தவரை, ஜெர்மனியின் வரலாற்றைவிடத் தெளிவான விடை வேறெங்கும் இல்லை. அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம்.

பிஸ்மார்க் என்ற பெயர் கத்தோலிக்கருக்கு இனிக்கும் பெயரன்று. 1872-ல் சேசு சபையாரை ஜெர்மனியினின்று வெளியேற்றியவர், 1873-ன் மே மாதச் சட்டங்களால் குருக்களின் கல்வியையும் நியமனத்தையும் அரசின் பிடிக்குள் கொணர்ந்தவர், ஆயர்களைச் சிறையிலிட்டவர். பிரஷ்ய நிலக்கிழார் குடியிற் பிறந்த அவருக்கு மன்னரும் படையும் நிலமும் அதிகார வரிசையுமே உலகம். அவரினும் அசலான பழைமைவாதியைத் தேடிக் காண்பது அரிது. 1878 மே, ஜூன் திங்கள்களில் கெய்சர் முதலாம் வில்லியமைக் கொல்ல இருமுறை முயற்சி நடந்தது. பழியைச் சோஷலிஸ்டுகள்மேல் சுமத்திய பிஸ்மார்க், அவ்வாண்டு அக்டோபரில் அவர்களுடைய சங்கங்களையும் கூட்டங்களையும் ஏடுகளையும் சட்டமியற்றித் தடைசெய்தார். தேர்தலில் நிற்கும் உரிமை ஒன்றுதான் அவர்களுக்கு எஞ்சியது.

இனித்தான் வியப்பு. அதே பிஸ்மார்க், அத்தடைச் சட்டம் நடைமுறையில் இருக்கும்போதே, அதுவரை எந்நாட்டு அரசும் நாடளாவிய அளவில் செய்யாத ஒன்றைச் செய்தார். 1883-ல் தொழிலாளருக்கு நோய்க் காப்பீடு வந்தது. கட்டணத்தில் மூன்றில் இரு பங்கு தொழிலாளி கட்டினார், ஒரு பங்கு முதலாளி கட்டினார். 1884-ல் விபத்துக் காப்பீடு வந்தது. அதன் சுமை முழுவதும் முதலாளிமார் தலையில். 1889-ல் முதுமைக்கும் உடல் முடங்கியோர்க்கும் ஓய்வூதியச் சட்டம் இயற்றப்பட்டது. ஒவ்வோர் ஓய்வூதியத்திலும் ஆண்டுக்கு 50 மார்க் அரசின் பங்கு. முதுமை ஓய்வூதியம் பெற எழுபது வயது நிறைய வேண்டும் என்பது விதி. அந்நாளைய ஆலைத் தொழிலாளரில் எழுபதைக் கண்டவர் எத்தனை பேர் என்று கேட்கத் தோன்றுகிறது. ஆயினும் விதை விதைதான்.

இதற்கு யார் என்ன சொன்னார்கள் என்று பாருங்கள். தாராள வணிகக் கொள்கையினர், 'இது சோஷலிஸம்' என்று கூவினர். பிஸ்மார்க் அப்பெயருக்கு அஞ்சவில்லை. நாட்டு நலத்துக்காக அரசு முன்பு செய்தவற்றுள்ளும் சோஷலிஸம் இருந்ததே என்று அவையிலேயே விடையிறுத்தார். சோஷலிஸ்டுகளோ இச்சட்டங்களுக்கு எதிராக வாக்களித்தனர். வாயைக் கட்டிவிட்டுச் சோறூட்ட வருகிறார் என்பது அவர்கள் எண்ணம். கத்தோலிக்கரின் சென்டர் கட்சிக்கு வேறோர் அச்சம். தொழிலாளிக்கு உதவி வேண்டும், ஆனால் அரசின் பணம் அதில் புகுந்தால் அரசின் கையும் கூடவே புகும் என்று அவர்கள் அஞ்சினர். ஆயர்களைச் சிறையிட்ட அரசல்லவா? விபத்துக் காப்பீட்டுக்கு அரசு மானியம் வேண்டும் என்று பிஸ்மார்க் முதலில் கொணர்ந்த திட்டத்தை எதிர்த்தோருள் அவர்களும் இருந்தனர். பழைமைவாதி சோஷலிஸம் செய்கிறார். சோஷலிஸ்ட் அதை எதிர்க்கிறார். கத்தோலிக்கர் ஏழைக்காக வழக்காடிக்கொண்டே அரசைக் கண்டு அஞ்சுகின்றனர். நம் அன்பர் அந்த அவையில் அமர்ந்திருந்தால் எந்தப் பக்கம் கை தூக்கியிருப்பார்?

பிஸ்மார்க்கின் கொடையில் ஒரு குறை இருந்தது. அதுவே நமக்கு முக்கியமானது. ஆலைக்குள் நடப்பதில் அவர் கைவைக்க மறுத்தார். ஞாயிறு ஓய்வு வேண்டும், சிறுவரை ஆலையில் வதைக்கலாகாது என்று 1877-லேயே சென்டர் கட்சியின் கலேன் பிரபு அவையில் கோரினார். அவர் மைன்ஸ் நகர் ஆயர் கெட்டலரின் உறவினர். கெட்டலர் 1848-லேயே மைன்ஸ் பேராலயத்தில் சமூகப் பிரச்சினைகளைப் பற்றி மறையுரைகள் ஆற்றியவர்; 1864-ல் தொழிலாளர் பிரச்சினையும் கிறிஸ்தவமும் என்னும் பொருள்பற்றி நூலெழுதியவர். கலேன் கோரியது அன்று பலிக்கவில்லை. பின்னர் எழுந்த அத்தகைய கோரிக்கைகளையும் பிஸ்மார்க் தடுத்தே வந்தார். ஆலையில் முதலாளியே எசமான் என்பது அவர் துணிபு. கை இயந்திரத்தில் சிக்கிய பின் உதவித்தொகை உண்டு; கை சிக்கும்வரை உழைக்கவைக்கும் நீண்ட நேரத்தைப் பற்றிக் கேட்கக்கூடாது. கேட்கச் சங்கம் கூடினால் காவலர் வருவர்.

தொழிலாளர் இதை உணர்ந்தே இருந்தனர். 1881-ல் மூன்று இலட்சத்துச் சொச்சம் வாக்குப் பெற்ற சோஷலிஸ்டுகள், காப்பீட்டுச் சட்டங்கள் மூன்றும் வந்தபின், 1890 பிப்ரவரியில் பதினான்கு இலட்சத்துக்குமேல் பெற்று, வாக்கு எண்ணிக்கையில் எல்லாக் கட்சிகளுக்கும் முன்னே நின்றனர். அடுத்த மாதம் பிஸ்மார்க் பதவி இழந்தார். ஞாயிறு ஓய்வுக்கும், பெண்களின் வேலை நேரத்துக்கு வரம்பு கட்டுவதற்கும் சட்டம் வந்தது 1891-ல்.

அந்த 1891-ஆம் ஆண்டு மே 15-ஆம் நாள்தான், நம் பாட்டன்மார் சிங்கராயர் என்று வழங்கிய பாப்பரசர் பதின்மூன்றாம் லெயோ 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். உடைமை கொள்ளல் மனிதனின் இயல்பான உரிமை, அதை ஒழிக்க முயலும் சோஷலிஸம் தொழிலாளியையே முதலில் கெடுக்கும் என்றார். இதை நம் அன்பர் நன்கறிவார். ஆனால் மடல் அங்கே நிற்கவில்லை. சிக்கனமாய் வாழும் தொழிலாளி பிழைப்பதற்குப் போதுமான கூலி அவனுக்கு நீதியின்படி உரியது, இருவரும் ஒப்பினோம் என்பதால் மட்டும் குறைகூலி நியாயமாகிவிடாது, சங்கம் அமைத்தல் மனிதனின் இயல்புரிமை, அதை அரசு தடுக்கலாகாது என்றும் அதே மடல் கூறுகிறது. பிஸ்மார்க் தரத் தயங்கியவை இவையே! பழைமைவாதி மறுத்ததைப் பாப்பரசர் கேட்டார். உடைமையை எதிர்த்ததற்காக ஒரு பக்கம் கண்டனம். உழைப்பவனின் குரலை நெரித்ததற்கு மறுபக்கம் மறுப்பு. அன்பர் முதற் பாதியை மனப்பாடம் செய்திருக்கிறார்; மகன் இரண்டாம் பாதியைக் கேள்விப்பட்டிருக்கிறார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட பாப்பரசர் தமக்குப் பதினான்காம் லெயோ என்று பெயர் சூடிக்கொண்டபோது, இம்மடலை நினைவிற்கொண்டே அப்பெயரைத் தேர்ந்ததாகச் சொன்னார்.

அன்பர் சுட்டும் 1931-ஆம் ஆண்டு மடலையும் மறைக்க வேண்டியதில்லை. மெய்யான சோஷலிஸ்டாகவும் நல்ல கத்தோலிக்கனாகவும் ஒருங்கே இருக்க இயலாதென்று பதினோராம் பத்திநாதர் எழுதியது உண்மை. 'மெய்யான' என்ற அடைமொழியை அன்பர் விட்டுவிட்டார் என்பதும் உண்மை. வன்முறையைக் கைவிட்டுத் தணிந்துபோன சோஷலிஸத்தின் கோரிக்கைகள் சில, கிறிஸ்தவச் சீர்திருத்தக்காரரின் கோரிக்கைகளுக்கு வெகு அருகில் வந்துவிட்டன என்று அதே மடல் ஒப்புகிறது. அக்கோரிக்கைகளுக்காகச் சோஷலிஸ்டாக மாறத் தேவையில்லை என்பதே அவர் வாதம். நாற்பதாண்டு கழித்து, 1971-ல், பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் இன்னும் நுணுக்கமாகப் பிரித்தார். நீதியான சமுதாயம் வேண்டும் என்னும் நல்லார்வம் வேறு, வரலாற்றில் இயங்கும் கட்சிகளும் அமைப்புகளும் வேறு, மனிதனைப் பற்றிய முழுமையான விளக்கம் தன்னிடமே உண்டெனச் சாதிக்கும் கொள்கை வேறு; இவற்றைப் பகுத்தறிந்தே கிறிஸ்தவன் எந்த அளவு ஈடுபடலாம் என்று தீர்மானிக்க வேண்டும் என்றார்.

பெயரை மட்டும் நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கு அதே ஜெர்மனியில் கசப்பான நிகழ்ச்சி ஒன்றுண்டு. 'தேசிய சோஷலிஸம்' என்ற பெயர்ப்பலகையுடன் வந்த ஹிட்லருக்குச் சட்டமியற்றும் முழு அதிகாரத்தையும் கொடுக்கும் மசோதா 1933 மார்ச் 23-ல் அவைக்கு வந்தது. கம்யூனிஸ்டு உறுப்பினர் அவைக்குள் வரவே விடப்படவில்லை. வந்தவர்களுள் 'வேண்டாம்' என்று வாக்களித்தவர் சோஷல் டெமாக்ரட் கட்சியார் 94 பேர் மட்டுமே. நம்மவர் கட்சியான சென்டர் கட்சி 'ஆம்' என்றது. இதை எழுதும்போது நமக்கு மகிழ்ச்சியில்லை. ஆனால் பழைமையைப் போற்றுவோர் பக்கமே எப்போதும் அறம் நிற்கும் என்று அன்பர் எழுதியிருப்பதால், சொல்லாமல் விடவும் கூடவில்லை.

இனி அந்தச் சிறுமி ஒப்புவித்த முகவுரைக்கு வருவோம். அச்சொல் அங்கே 1950-ல் இல்லை. 1948 நவம்பர் 15-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் கே. டி. ஷா அதைச் சேர்க்கக் கோரியபோது, அம்பேத்கர் மறுத்தார். சமுதாயம் எப்படி அமைய வேண்டும் என்பதை அந்தந்தக் காலத்து மக்களே முடிவு செய்யட்டும், அரசியலமைப்பில் எழுதி அவர்கள் கையைக் கட்டலாகாது என்றார். அதன் சாரம் வழிகாட்டு நெறிகளில் ஏற்கெனவே இருக்கிறது என்றும் காட்டினார். சென்னையை அடுத்த ஆவடியில் 1955 ஜனவரியில் கூடிய காங்கிரசு, 'சோஷலிஸ பாணிச் சமுதாயம்' தன் நோக்கமெனத் தீர்மானித்தது. 'பாணி' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு அன்றே பலர் நகைத்தனர். 1959-ல் இராஜாஜி அதற்கெதிராகச் சுதந்திரா கட்சியைத் தொடங்கினார். தனியார் உடைமையும் சிறு விவசாயியின் நிலமும் அரசின் பிடியினின்று காக்கப்பட வேண்டும் என்றார். 'பெர்மிட், லைசென்ஸ்' ஆட்சி என்று கேலி செய்தார். நம் நாட்டுப் பழைமைவாதத்துக்கு அவரைவிடச் சிறந்த வழக்கறிஞர் இல்லை. ஆனால் அதே இராஜாஜிதான் சென்னை மாகாணப் பிரதமராயிருந்த 1938-ல், வட்டிக்காரர் ஒப்பாரி வைத்தும் கேளாமல், விவசாயிகளின் கடன் சுமையைக் குறைக்கச் சட்டம் செய்தார். எழுதிக்கொடுத்த பத்திரத்தில் அரசு கைவைப்பதை எந்தப் பெயரால் அழைப்பது? அன்பரே சொல்லட்டும்.

நெருக்கடி நிலையின்போது, எதிர்க்கட்சித் தலைவர் பலர் சிறையிலிருந்த 1976-ல், 42-ஆம் திருத்தத்தால் அச்சொல் முகவுரையில் ஏறியது. பொருள் என்னவென்று எழுதவில்லை. எல்லா வகைச் சுரண்டலும் நீங்கிய நிலை என்று அதற்கு விளக்கம் சேர்க்க 1978-ல் வந்த முயற்சியை மாநிலங்களவை ஏற்கவில்லை. பிறகு 1989-ல், பதிவு பெறும் ஒவ்வொரு கட்சியும் சமதர்மத்துக்கு உண்மையாயிருப்பதாக உறுதி கூற வேண்டுமென மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் விதி சேர்ந்தது. வலமும் இடமும் ஒருங்கே உறுதி கூறும் சொல்லுக்கு எவ்வளவு பொருள்தான் மிஞ்சும்? 2024 நவம்பர் 25-ல் உச்ச நீதிமன்றம் அச்சொல்லை நீக்கக் கோரிய மனுக்களைத் தள்ளியபோது, நம் நாட்டில் சமதர்மம் என்பது மக்கள் நலம் பேணும் அரசைக் குறிக்கும், தனியார் தொழிலைத் தடுப்பதன்று என்றது. அதே மாதம் 5-ஆம் நாள் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, தனியாரின் உடைமை எல்லாமே சமுதாயத்தின் பொருள்வளம் ஆகிவிடாது எனப் பெரும்பான்மையாய்த் தீர்த்திருந்தது. இப்பொருளில் கொண்டால், பேத்தி அச்சொல்லைக் கூறுவதில் பத்திநாதருக்கே ஆட்சேபம் இருந்திராது என்பது நம் எண்ணம். அவள் ஒரு சொல்லும் விடாமல் ஒப்புவிக்கட்டும்.

மகனிடம் நாமும் ஒன்று கேட்போம். ஆதித் திருச்சபையாரின் உடைமை பொதுவானது அவரவர் மனமுவந்து கொடுத்ததால்; எவரும் பிடுங்கியதாலன்று. உடைமை எல்லாம் அரசின் கைக்குப் போனபின் அந்த அரசே எசமானானால், அதை எதிர்த்துக் கேட்கச் சங்கம் எங்கே கூடும்? 1980-ல் போலந்து நாட்டுக் கப்பல் தளத் தொழிலாளர், தங்கள் பெயராலேயே ஆள்வதாகச் சொன்ன சோஷலிஸ அரசை எதிர்த்துத்தான் 'ஒருமைப்பாடு' சங்கத்தை நிறுவ வேண்டியிருந்தது. மறு ஆண்டு டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்தது. தன் ஆலைச் சங்கத்தில் சேர்ந்ததற்காக அவர் தந்தையிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. அந்த உரிமையைச் சிங்கராயரே வழங்கியிருக்கிறார்.

அன்பரின் கடிதத்தில் கடைசியாக ஒரு செய்தி. தாளின் ஓரத்தில் சிற்றெழுத்தில், 'எழுத்துக் கோணலை மன்னிக்கவும், இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் வரிசையில் அமர்ந்து எழுதுகிறேன், முழங்கால் வலிக்கு மருந்து வாங்க' என்று குறித்திருக்கிறார். அந்த மருந்தகம் 1948-ல் இயற்றிய சட்டத்தின் வழியே வந்தது. 1952-ல் கான்பூரிலும் தில்லியிலும் முதன்முதல் நடைமுறைக்கு வந்த திட்டம். தொழிலாளி ஒரு பங்கும் முதலாளி ஒரு பங்கும் கட்டும் அந்த ஏற்பாட்டின் பாட்டன், நாம் மேலே கண்ட 1883-ஆம் ஆண்டுச் சட்டம். அன்பர் அந்த வரிசையில் பழைமைவாதியாக அமர்ந்திருந்தாரா, சமதர்மக்காரராக அமர்ந்திருந்தாரா என்று நாம் கேட்கப்போவதில்லை. முழங்கால் வலி குறைந்ததா என்று மட்டும் கேட்கிறோம். மகன் இவ்விதழைக் கண்ணுற்றால் தம் பக்கத்தையும் எழுதி அனுப்பட்டும். அடுத்த இதழில் அவருக்கு இடம் வைத்திருக்கிறோம்.